காரைக்காலைச் சுற்றி யார் கோடு வரைகிறார்கள்?

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டினால் பட்டியல் வருகிறது. பட்டியலுக்குப் பதிலாக, தட்டிய சொல்லை நடுவில் நிறுத்தி, அதையொட்டிய மற்றத் தேடல்களைச் சுற்றிலும் வைத்து, இடையே கோடு இழுத்து ஒரு படமாகவே காட்டிவிட்டால் என்ன? கால் நூற்றாண்டாகவே இந்த யோசனை பலரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. பிரான்சில் 2001-இல் தொடங்கிய கார்ட்டூ என்ற தேடுபொறி, முடிவுகளை நிலப்படம்போலத் திரையில் பரப்பியது. அமெரிக்காவில் குரோக்கர் என்ற மென்பொருள் வட்டத்துக்குள் வட்டமாகத் தலைப்புகளை அடுக்கியது. கூகுள் நிறுவனமே 2009 மே மாதத்தில் 'வொண்டர் வீல்' என்ற சக்கரத்தைத் தன் தேடல் பக்கத்தில் சேர்த்தது. நடுவில் நாம் தட்டிய சொல், ஆரக்கால்களின் நுனியில் தொடர்புள்ள தேடல்கள். ஒரு நுனியைத் தொட்டால் அதை மையமாகக் கொண்டு இன்னொரு சக்கரம் விரியும். குரோக்கரை 2009-இல் மூடினார்கள், கார்ட்டூவை 2010-இல், வொண்டர் வீலை 2011-இல். யோசனை மட்டும் சாகவில்லை. கூகுள் ட்ரெண்ட்ஸில் 'தொடர்புள்ள தேடல்கள்' என்ற பகுதி இருக்கிறது. 'ஆன்சர் த பப்ளிக்' என்ற தளம் 'எப்படி', 'எங்கே', 'ஏன்' என்று மக்கள் கேட்பவற்றைச் சக்கரமாக வரைந்து தருகிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'கனெக்டட் பேப்பர்ஸ்' இருக்கிறது. இத்தகைய படங்கள் நமக்குத் தேவை என்றே கருதுகிறேன். ஆனால் அவை எதை வரைகின்றன என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். ஒரு விஷயத்துக்கும் இன்னொரு விஷயத்துக்கும் உள்ள உறவைப் படம் காட்டுவதாக நம் கண் உடனே நம்பிவிடுகிறது. பெரும்பாலும் அதில் இருப்பது கேட்டவர்களின் கூட்டம். சென்னைக்கோ மதுரைக்கோ இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. காவிரிக் கழிமுகத்தின் ஓரத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்களோடு இருக்கும் காரைக்காலுக்கு அது நன்றாகவே உறைக்கும்.

முதலில் அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். இவற்றுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. ஒன்று, தேடல் பதிவேடு. ஒருவர் 'திருநள்ளாறு' என்று தேடிவிட்டுச் சிறிது நேரத்தில் 'சனிப்பெயர்ச்சி' என்றும் தேடுகிறார். இதையே ஆயிரக்கணக்கானோர் செய்தால் இரண்டுக்கும் இடையே கோடு விழுந்துவிடுகிறது. இரண்டு, பக்கங்களின் சொற்கள். கிடைத்த முடிவுகளில் எந்தச் சொற்கள் சேர்ந்தே வருகின்றன என்று கணக்கிட்டு, அவற்றைக் குவியல்களாகப் பிரிப்பது. 2004-இல் வந்த கிளஸ்டி என்ற தேடுபொறி இந்த வகை. மூன்று, பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகள். கனெக்டட் பேப்பர்ஸ் கட்டுரைகளின் மேற்கோள்களைக் கொண்டு உறவைக் கணிப்பதும் ஏறக்குறைய இந்த வழிதான். இந்த மூன்றிலும் விஷயத்தைப் படித்துப் புரிந்துகொண்டு யாரும் கோடு போடவில்லை. எல்லாம் எண்ணிக்கை. பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைபோல, கால் பட்ட இடம் தெரிகிறது. கால் படாத இடத்தில் வழியே இல்லை என்று பொருளாகாது. படம் வரையும் முறை இன்னொரு மயக்கத்தையும் சேர்க்கிறது. இத்தகைய வலைப்படங்கள் பலவற்றுக்கு அடிப்படை, 1984-இல் பீட்டர் ஈட்ஸ் என்ற கணினி அறிஞர் வகுத்த வழி. புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளுவதாகவும், கோடுகள் சுருள்வில்லாக இழுப்பதாகவும் வைத்துக்கொண்டு, எல்லாம் ஓய்ந்து நிற்கும் நிலையைக் கணினி தேடும். கண்ணுக்கு அழகாக வரும். ஆனால் ஒரு புள்ளி ஏன் இடது பக்கம் நிற்கிறது, இன்னொன்று ஏன் மேலே நிற்கிறது என்பதற்குப் பொருள் ஏதும் கிடையாது. அதே தரவை இன்னொரு முறை ஓட்டினால் படம் வேறு மாதிரி உட்காரக்கூடும். நிலப்படத்தில் வடக்கு வடக்குதான். இந்தப் படத்தில் திசையே இல்லை.

இப்போது காரைக்காலுக்கு வருவோம். திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலின் சனீசுவரர் சன்னதிக்கு, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெயர்ச்சியின்போது லட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். 2023 டிசம்பர் 20 அன்றும் அப்படித்தான் திரண்டார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். கிளம்பும் முன் கோயில் நடை எப்போது திறக்கும், நளதீர்த்தம் எங்கே, தங்க இடம் உண்டா, பேருந்து உண்டா என்று தேடுவார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரைப் பற்றி அதைப்போலப் பல மடங்கு வெளியாட்கள் தேடும்போது, தேடல் பதிவேட்டிலிருந்து வரையப்படும் சக்கரம் யாருடைய சக்கரமாக இருக்கும்? ஊர்க்காரர் கேட்கும் கேள்விகள் எண்ணிக்கையில் தோற்கும். தோற்பதோடு முடிவதுமில்லை. மிகச் சிலர் மட்டும் தேடியவற்றைக் கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டுவதே இல்லை. தேடல் குறைவாக இருந்தால் கோடு சுழியத்தில் கிடக்கும். ஆக, சிறிய ஊரின் கேள்வி சிறியதாகத் தெரியாது, இல்லாததாகவே தெரியும். வட்டாரக் கணக்கு இதைவிட மோசம். அதில் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் அடக்கம். புதுச்சேரி நகரம் காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில். இடையில் கிடப்பதெல்லாம் தமிழ்நாடு. அதே ஒன்றியப் பகுதிக்குள் கேரளக் கரையின் மாஹேயும் ஆந்திரக் கரையின் ஏனாமும் சேர்ந்திருக்கின்றன. வெவ்வேறு மூன்று கரைகளில் மூன்று மொழிகளில் கேட்கப்பட்டவற்றைக் கூட்டி ஒரே நிறத்தில் தீட்டிய படத்தில், கோட்டுச்சேரி விவசாயி எங்கே தெரிவார், கிளிஞ்சல்மேட்டு மீனவர் எங்கே தெரிவார்?

எழுத்து வடிவம் இன்னொரு பிளவை உண்டாக்குகிறது. இந்த ஊர் தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில வழக்கில் ஒன்று, பிரெஞ்சு ஆவணங்களில் நடுவே ஓர் உயிரெழுத்துக் குறைந்த இன்னொன்று என மூன்று வடிவங்களில் உலவுகிறது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலான எழுத்துவேலை முழுவதும் அந்த மூன்றாம் வடிவத்தில் கிடக்கிறது: பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள், துறைமுகக் கணக்குகள், ஆளுநர்களின் கடிதங்கள். அவற்றில் பெரும் பகுதி பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1850-களிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ரெயூனியனுக்கும் கப்பலேற்றப்பட்ட தமிழர்கள் புறப்பட்ட துறைகளில் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமானவை. அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று கரீபியக் கடலில் உட்கார்ந்துகொண்டு, பிரெஞ்சு மொழியில், பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இந்த ஊரைத் தேடுகிறார்கள். காரைக்கால் பள்ளி மாணவி தமிழில் தேடுகிறாள். இருவரும் கேட்பது ஒரே மண்ணைப் பற்றி; கேட்ட வரலாறும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஆள் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால்தானே பதிவேட்டில் கோடு விழும்? அப்படித் தட்டுகிறவர் எத்தனை பேர்? எண்ணிக்கை ஒன்றையே நம்பும் கருவிக்கு இவை இரண்டு தனித்தனித் தீவுகள். ஒரு குடும்பத்தின் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவக்கூடிய கருவி, கண்டுகொள்ள முடியாதபடி அவற்றைத் தள்ளிவைக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான் குவிகிறது.

எண்ணிக்கையை விட்டால் உறவை வேறு எப்படித்தான் வரைவது என்று கேட்கலாம். அதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். காரைக்காலுக்கு வடக்கே, அதே கழிமுகத்தில் இருக்கும் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே அவர் கண்ட நூலகங்களில் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்கூட்டியே ஓர் எண் தயாராக இருந்தது. புதுத் தலைப்பு வந்தால் அதற்கு இடமில்லை. ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார்: துளையிட்ட சில பட்டைகளையும் திருகுகளையும் கொண்டு வேண்டிய உருவத்தைக் கட்டிக்கொள்ளலாம். தலைப்புகளையும் அப்படிக் கட்டினால் என்ன என்ற எண்ணம் 1933-இல் 'கோலன் பகுப்பு முறை'யாக வெளிவந்தது. எந்தத் தலைப்பையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாகப் பிரிக்கலாம் என்பது அதன் வளர்ந்த வடிவம். 'காரைக்கால் வட்டாரத்தில் 2018-க்குப் பின் நெல்லுக்குப் பாசனம்' என்றால் நெல் ஆளுமை, பாசனம் ஆற்றல், காரைக்கால் இடம், 2018-க்குப் பின் என்பது காலம். ஐந்தும் எல்லாத் தலைப்பிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு முகத்தை மட்டும் மாற்றினால் பக்கத்துத் தலைப்பு தானாக வந்து நிற்கும்: நெல்லை உளுந்தாக்கலாம், காரைக்காலை நாகப்பட்டினமாக்கலாம், பாசனத்தை நோயாக்கலாம். இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று இடப்பக்கம் தட்டிச் சலிக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் சீர்காழிக்காரரின் இந்தச் சிந்தனையில் இருக்கிறது. அலமாரியில் நூல்கள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கும் அவர் கிரகணத்திலிருந்து ஓர் உருவகம் எடுத்தார். கேட்ட தலைப்பின் நூல்கள் நடுவில், முழு நிழலாக; பாதித் தொடர்புள்ளவை இருபுறமும், அரை நிழலாக; தொடர்பில்லாதவை அதற்கும் அப்பால். அந்த வரிசையை வட்டமாக வளைத்தால் வொண்டர் வீல் கிடைக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: ரங்கநாதனின் அரை நிழலில் ஒரு நூல் ஏன் நிற்கிறது என்று கேட்டால் காரணம் சொல்ல முடியும்.

காரணம் சொல்லக்கூடிய கோடுகளால் காரைக்காலைச் சுற்றி ஒரு படம் வரைந்தால் என்னென்ன வரும்? காவிரி நடுவர் மன்றம் 2007-இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. தண்ணீர் ஒதுக்கப்பட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே விட்டது. அந்தத் தண்ணீர் காரைக்கால் வயல்களுக்கானது. ஆக, மேட்டூர் அணை திறப்புக்கும் காரைக்கால் கடைமடைக்கும் இடையே தடித்த கோடு ஒன்று வேண்டும். இன்னொரு கோடு இதைவிட நீளமானது. அறுபத்துமூவரில் மூன்று பெண்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார், திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காட்டில் போய் நிற்கிறார். அவருடைய பாடல்கள் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. சோழர் காலச் செப்புத் திருமேனியாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அமர்ந்திருக்கிறார். கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் இருக்கும் மெலிந்த உருவம் அவரே என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்குத் தேதி தேடுகிறவர் கம்போடியாவைத் தேடமாட்டார். பதிவேடு இந்தக் கோட்டை ஒருபோதும் போடாது. ஆனால் ஆள், இடம், காலம் என்ற முகங்கள் வழியே போனால் இது இரண்டே எட்டில் வந்துவிடும் தூரம்.

இதற்கு வரும் மறுப்புகளில் மூன்று கனமானவை. முதலாவது, இந்தப் படங்களை மக்களே நிராகரித்துவிட்டார்கள் என்பது. கார்ட்டூவும் குரோக்கரும் வொண்டர் வீலும் மறைந்தன, பட்டியல் பிழைத்தது. பட்டியலை மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் ஓட்டலாம், கைபேசித் திரைக்கும் ஏற்றது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேடல் என்பது ஒரே வேலையா? ரயில் நேரம் பார்ப்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும்; அவருக்குப் பட்டியல் போதும், பல வேளைகளில் ஒரு வரியே போதும். ஊரின் வரலாற்றை எழுத உட்காரும் மாணவருக்கு எதைக் கேட்பது என்பதே முதலில் தெரியாது. மார்சியா பேட்ஸ் என்ற நூலக அறிவியல் அறிஞர் 1989-லேயே இதை விளக்கினார்: உண்மையான தேடலில் ஒரே கேள்விக்கு ஒரே விடை என்று முடிவதில்லை, கிடைக்கும் ஒவ்வொரு துணுக்கும் கேள்வியையே மாற்றிக்கொண்டு போகிறது. படம் பயன்படுவது இந்த இரண்டாம் வகைக்கு. முதல் வகைக்கான தளத்தில் அதை வைத்துவிட்டு ஓடவில்லை என்று தீர்ப்பு எழுதுவது முறையான சோதனை ஆகாது.

இரண்டாவது மறுப்பு புதியது. செயற்கை நுண்ணறிவு நேராகவே விடை சொல்லும்போது படம் எதற்கு என்பது. கூகுள் 2024 முதல் தேடல் பக்கத்தின் உச்சியில் சுருக்க விடையைக் காட்டிவருகிறது. வசதிதான். ஆனால் விடை ஒன்றாக வரும்போது, கேட்காமல் விட்டவை எவை என்பது மறைந்துவிடுகிறது; படத்தின் பயனோ அந்த மறைந்த பகுதியைக் கண்ணுக்குக் காட்டுவதில்தான் இருக்கிறது. சிறிய ஊர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நம்பத்தக்க பக்கங்கள் அரிதாக இருக்கும் கேள்விகளை 'தரவு வெற்றிடம்' என்று மைக்கேல் கோலபியெவ்ஸ்கியும் டேனா பாய்டும் 2018-இல் பெயரிட்டு எச்சரித்தார்கள். அந்த வெற்றிடத்தை யார் முதலில் நிரப்புகிறாரோ அவர் சொன்னதே தேடலில் மேலே வரும். காரைக்காலைப் பற்றித் தமிழில் செம்மையாக எழுதப்பட்டது குறைவாக இருக்குமானால், எந்த இயந்திரமும் அந்தக் குறைவிலிருந்துதான் விடையைப் பிழிந்தெடுக்கும்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கூட்டத்தின் கேள்விகளே ஜனநாயகம், வகைப்படுத்துவது பண்டிதர்களின் ஆதிக்கம் என்று அது சொல்கிறது. அதில் உண்மை இருக்கிறது. மெல்வில் டூயியின் நூலகப் பகுப்பில் சமயம் என்ற 200-ஆம் வகுப்பின் பெரும் பகுதியைக் கிறித்தவம் எடுத்துக்கொண்டது. மற்ற எல்லாச் சமயங்களும் 290-க்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. பகுப்பவரின் ஊரும் உலகமும் பகுப்பில் தெரியத்தான் செய்யும். ஆனால் அந்தச் சாய்வு எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சில் இருந்தது. அதனால்தான் அதோடு சண்டை போட முடிந்தது, நூலகர்கள் பின்னாளில் திருத்தவும் முனைந்தார்கள். தேடல் பதிவேட்டின் சாய்வு யாருக்கும் தெரியாது. திருநள்ளாற்றுக்கு வரும் பக்தரின் கேள்வி ஏன் முன்னே நிற்கிறது, கடைமடை விவசாயியின் கேள்வி ஏன் காணவில்லை என்று எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? அத்தோடு, அதிகம் பேர் கேட்பது முக்கியம் என்ற விதி, ஒரு சிறு வட்டாரம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை எண்ணிக்கையால் பறிக்கிறது. அதை ஜனநாயகம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

கூட்டத்தின் படத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில் எத்தனை நிழற்குடை வேண்டும் என்று திட்டமிடுகிறவருக்கு அது அருமையான சான்று. அதன் அருகே காரணம் சொல்லும் படம் ஒன்றும் வேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கான கருவியும் இலவசமாகவே கிடைக்கிறது. 2012-இல் தொடங்கிய விக்கித்தரவில் ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கும் ஆற்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணின் கீழ் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பிரெஞ்சுப் பெயர், பழைய எழுத்துக்கூட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கலாம். குவாதலூப்பிலிருந்து கேட்பவரும் காரைக்காலின் நெடுங்காட்டிலிருந்து கேட்பவரும் வெவ்வேறு எழுத்தில் கேட்டு ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். 'எந்த ஆற்றின் கிளை', 'எங்கே பிறந்தார்', 'எந்த ஆண்டு முதல்' என்று ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் உண்டு, சான்றும் கேட்கப்படும். 2015 முதல் இயங்கும் அதன் வினவல் சேவை, விடையை நிலப்படமாகவும் காலக்கோடாகவும் வலைப்படமாகவும் வரைந்து காட்டும், தமிழ்ப் பெயர்களோடு. யாரும் திருத்தலாம், தவறு இருந்தால் யார் எப்போது எழுதினார் என்பதும் தெரியும். ஆனால் கோடுகளை யாராவது உட்கார்ந்து போட வேண்டும். காரைக்காலின் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, 1987 முதல் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது, அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆறுகளிலிருந்து தொடங்கலாம். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு: எது எங்கே பிரிகிறது, எந்த ஊர்களுக்குப் பாய்கிறது, எங்கே கடலில் சேர்கிறது என்பது பொதுப்பணித் துறைக்கும் வேளாண் மாணவருக்கும் நன்றாகவே தெரியும். அடுத்தது 1850-களுக்குப் பின் புறப்பட்ட கூலிக் கப்பல்கள். அதற்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். காரைக்காலில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.